ஓடும் நீரும் மிஸெல்லின் உருவும்

சவுக்காரம் கரைந்த நீர் எல்லார்க்கும் பழகிய பொருள். துணி துவைக்கும் கல்லினடியிலும், சமையற்கூடத்துத் தொட்டியிலும், நாவிதர் கிண்ணத்திலும் நாடோறும் அதனைக் காண்கின்றோம். அங்ஙனம் பழகிய பொருளாதலின் அதனுள் ஆராய்தற்குரியது ஒன்றுமில்லையென எண்ணுதல் இயல்பே. ஆயினும் அந்நீரினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத சிற்றுருவங்கள் பல உள்ளன. அவற்றுட் சில, நீர் அசையாதிருக்கும்பொழுது ஒரு வகையாகவும், ஓடும்பொழுது வேறொரு வகையாகவும் அமைகின்றன. ஓட்டம் அவ்வுருவங்களை எங்ஙனம் மாற்றுகின்றது, மாறிய உருவங்கள் மீண்டும் ஓட்டத்தை எங்ஙனம் மாற்றுகின்றன என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இதனை யாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் எமது ஆய்வுக்கூடத்தில் மாணவர் இருவர்க்கு ஒரே கரைசலைப் பகிர்ந்தளித்து, அதன் பாகுத்தன்மையை அளந்து வருமாறு பணித்தோம். இருவர்க்கும் கொடுக்கப்பட்டவை கண்ணாடியாலான ஆஸ்ட்வால்டு குழாய்களே. ஒருவர் குழாயின் துளை நுண்ணியது, மற்றவர் குழாயின் துளை சற்றே அகன்றது. தூயநீரை வைத்து அளந்தபொழுது இருவரும் ஒரே விடையைக் கண்டனர். கரைசலை வைத்து அளந்தபொழுதோ, நுண்துளைக் குழாயில் கண்ட எண் மற்றதனிற் கண்ட எண்ணைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. யாம் குறிப்பேடுகளை நோக்கி, இரண்டாமவர் குழாயைச் செவ்வனே கழுவவில்லையெனத் தீர்ப்புக் கூறி, அவர் எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். அவர் மும்முறை கழுவி, மும்முறை அளந்து, அதே எண்ணையே கொணர்ந்தார். அப்பொழுதும் யாம் நம்பினோமல்லோம். பிழை எங்கிருந்தது என்பது கீழே விளங்கும்.

முதற்கண் மிஸெல் என்பது யாதென அறிதல் வேண்டும். சவுக்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டெனக் கொள்ளலாம். தலை மின்சாரமேறியது, நீரோடு கூடியிருத்தலை விரும்புவது. வால் கொழுப்பின் இயல்புடையது, நீரை வெறுப்பது. ஒரே உடலில் இவ்விரு மாறுபட்ட இயல்புகளும் இருத்தலின், நீரிற் கரைந்த மூலக்கூறுகள் ஓரளவு செறிவை எட்டியவுடன் தனித்து நில்லாமல் ஒன்றுகூடுகின்றன. வால்களெல்லாம் உள்ளே ஒதுங்க, தலைகளெல்லாம் வெளியே நீரை நோக்கி நிற்ப, ஒரு சிறு திரள் உண்டாகின்றது. இத்திரளே மிஸெல் எனப்படும். ஸோடியம் டொடெஸில் ஸல்பேட் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரில் அது ஏறக்குறைய 2.3 கிராம் கரைந்தவுடன் மிஸெல்கள் தோன்றத் தொடங்கும். ஒரு திரளில் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள் இருக்கும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 4 நானோமீட்டர். மனிதர் மயிரிழை ஒன்றன் குறுக்கே இத்தகைய உருண்டைகள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாய் வைக்கலாம்.

சவுக்கார நீரில் இத்தகைய திரள்கள் உளவென்னும் கருத்தை 1913 ஆம் ஆண்டில் வெளியிட்டவர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின் என்னும் அறிஞர். அதனை உடனே ஒப்புக்கொண்டோர் மிகச் சிலரே. இவரே முதுமையில் நம் நாட்டுக்கு வந்து, பூனாவில் 1950 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசீய இரசாயன ஆய்வுச்சாலைக்கு முதல் இயக்குநராய் விளங்கினார். மிஸெல் உருண்டையின் உட்புறம் எண்ணெய்த்துளிபோல் நெகிழ்ந்திருப்பது என்பதனை 1936 ஆம் ஆண்டில் ஹார்ட்லி என்பவர் தெளிவாக எடுத்துரைத்தார்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. மிஸெல் கட்டி முடிக்கப்பட்ட வீடு அன்று; அதனைச் சந்தைக்கூட்டம் என்றலே பொருந்தும். ஒரு மூலக்கூறு வெளியேறுகின்றது. மற்றொன்று உள்ளே புகுகின்றது. இப்போக்கும் வரவும் ஒரு வினாடியைப் பத்திலட்சம் கூறாக்கினால் அக்கூறுகளைக் கொண்டு எண்ணத்தக்க அளவு விரைவில் நிகழ்வன. கூட்டம் கலையாமலிருப்பதுபோல் தோன்றினும் அதிலுள்ளார் மாறிக்கொண்டேயிருப்பர். இங்ஙனமாதலின் சூழ்நிலை சிறிது மாறினும் திரளின் உருவம் மாறுதற்கு இடமுண்டு.

உருவம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது? 1976 ஆம் ஆண்டில் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் என்னும் மூவர் இதற்கு எளிய கணக்கொன்று வகுத்தனர். வாலின் பருமனை, தலை அடைத்துக்கொள்ளும் இடத்தின் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். ஈவு மூன்றில் ஒன்றுக்குக் குறைந்தால் மூலக்கூறு கூம்புபோன்றது. கூம்புகள் பல கூடினால் உருண்டை அமையும். மூன்றிலொன்றுக்கும் அரைக்கும் இடைப்பட்டால் ஆப்புப்போன்ற வடிவாம். அவை கூடினால் நீண்ட உருளை அமையும். அரைக்கு மேல் ஒன்று வரையிற் சென்றால் தட்டையான அடுக்குகளே அமையும். தலைகள் ஒரே வகை மின்சாரமுடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளி இடத்தை அகலப்படுத்துகின்றன. கரைசலில் உப்பைச் சேர்த்தால் அத்தள்ளுவிசை குறைகின்றது, தலைகள் நெருங்குகின்றன, உருண்டை உருளையாக நீளுகின்றது. கடையில் விற்கும் ஷாம்பு சிலவற்றிற் சிறிது கறியுப்பைக் கரைத்தால் அது திடீரெனக் கெட்டியாவதை வீட்டிலேயே காணலாம். உப்பை மேன்மேலும் சேர்த்தால் மீண்டும் நீர்த்துப்போம்.

எம் மாணவர்க்கு அளித்த கரைசல் ஸெட்டில் ட்ரைமெதில் அம்மோனியம் புரோமைடு என்னும் பொருளோடு ஸோடியம் ஸாலிஸிலேட் சேர்த்தது. ஸாலிஸிலேட் வெளியில் நின்று மின்சாரத்தை மறைப்பதோடமையாது, தலைகளின் இடையிலேயே புகுந்து அமர்கின்றது. அதனால் மிஸெல் 4 அல்லது 5 நானோமீட்டர் பருமனும், ஒரு மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ நீளமும் உடைய மண்புழுவைப்போல் வளர்கின்றது. செறிவு மிகுந்தால் இப்புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அத்தகைய கரைசலைப் புட்டியில் இட்டுச் சுழற்றிச் சட்டென நிறுத்தினால், உள்ளே மிதக்கும் காற்றுக்குமிழிகள் நின்றுவிடாமல் வந்த வழியே சிறிது பின்வாங்கும். ஒரு நூறு பங்கு நீரில் ஓரிரு பங்கே பொருள் கரைந்திருக்க, நீர் இரப்பரைப்போல் நடந்துகொள்ளுதல் வியப்பன்றோ!

இனி ஓட்டத்திற்கு வருவாம். குழாயில் ஓடும் நீர் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சுவரையடுத்த படலம் நின்றுவிடுகின்றது. நடுவிலுள்ள நீர் மிக விரைகின்றது. இடைப்பட்ட அடுக்குகள் ஒன்றன்மேலொன்று சறுக்கிச் செல்கின்றன. அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும் அளவைச் சறுக்கு வீதம் என்று வழங்குவோம். ஒரு நீண்ட துரும்பு இவ்வடுக்குகளின் குறுக்கே கிடந்தால் அதன் ஒரு முனை விரைந்தும் மறுமுனை தாழ்ந்தும் இழுக்கப்பட, அது திரும்பி ஓட்டத்தின் திசையிலே படியும். புழுமிஸெல்லும் அங்ஙனமே திரும்ப வேண்டுமன்றோ? ஆனால் அதனைத் தடுப்பது ஒன்றுண்டு. நீர் மூலக்கூறுகள் வெப்பத்தால் இடையறாது மோதுதலின், மிஸெல் எத்திசையிலும் நிலையாது புரண்டுகொண்டேயிருக்கும். ஓட்டம் ஒழுங்கு செய்கின்றது, வெப்பம் கலைக்கின்றது. எது விரைவானதோ அது வெல்லும்.

இதனைக் கணக்கிட்டே காணலாம். 4 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, நீரில் தன்னிலை மறந்து புரளுதற்கு வேண்டும் காலம் ஒரு வினாடியில் ஏறக்குறைய நூறு கோடியில் எட்டுப் பங்கு. ஆதலின் அதனைக் குலைக்க வினாடிக்குப் பத்துக்கோடி என்னும் அளவிற் சறுக்கு வீதம் வேண்டும். நம் குழாய்களில் அத்தகைய ஓட்டம் ஒருநாளும் இல்லை. எனவே உருண்டை மிஸெல்லை ஓட்டம் தூக்கிச் செல்லுமேயன்றி அதன் அமைப்பைத் தொடாது. விறைத்த கோலாயின் கதை வேறு. கோலின் நீளம் இருமடங்கானால் புரளுதற்கு வேண்டும் காலம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். பின்னிய புழுக்களோ ஒரு வினாடியும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அவற்றைத் திருப்ப, கரண்டியால் மெல்லக் கலக்குதலே போதும்.

இது வெறும் ஊகமன்று. ஒளியை ஒரு தளத்திற் கட்டுப்படுத்தும் போலராய்டு தகடுகள் இரண்டனைக் குறுக்காக வைத்து, இடையே இக்கரைசலை நிறுத்தினால் இருளே தோன்றும். கரைசலைக் கலக்கியவுடன் ஒளிக்கீற்றுக்கள் பளிச்சிடும். கலக்குதலை நிறுத்தச் சிறிது நேரத்தில் மீண்டும் இருளும். மிஸெல்கள் ஒரு திசை நோக்கி அணிவகுத்தமைக்கு அவ்வொளியே சான்று. இன்னும் நுட்பமான சான்று நியூட்ரான்களால் கிடைக்கின்றது. கனநீரிற் கரைத்த மிஸெல்களை ஓடவிட்டு, அவற்றின் குறுக்கே நியூட்ரான் கற்றையைச் செலுத்தினால், நின்ற கரைசல் வட்டமான சிதறலைக் காட்டும். ஓடும் கரைசலிலோ அவ்வட்டம் சிதைந்து, ஓட்டத்துக்குச் செங்குத்தான திசையில் இரு புடையும் திரண்டு நிற்கும். ஹேய்ட்டர், பென்ஃபோல்டு என்னும் இருவர் ஓட்டத்தால் மிஸெல்களை அணிவகுப்பித்து நியூட்ரான் சிதறலால் அவற்றின் வடிவை ஆராய்ந்து 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அணிவகுத்த புழுக்கள் ஒன்றையொன்று தடுக்காமல் வழுக்கிச் செல்லுதலால் பாகுத்தன்மை குறைகின்றது. இப்பொழுது எம் மாணவரின் குழாய்களை நினைவு கூர்க. இரண்டிலும் கரைசலை இறக்குவது அதன் எடையே. எடையின் அழுத்தம் ஒத்திருப்ப, துளை அகன்ற குழாயின் சுவரருகே சறுக்குவிசை மிகும்; நுண்துளையிற் குறையும். எனவே அகன்ற குழாயில் மிஸெல்கள் மிகுதியாக அணிவகுத்தன. பாகுத்தன்மை குறைந்த எண்ணாகவே தோன்றிற்று. நீருக்கு உள்ளமைப்பில் அத்தகைய நீண்ட உருவங்கள் இன்மையால் இரு குழாயும் ஒத்த விடை கொடுத்தன. யாம் பின்னர் ஒரே குழாயை எடுத்து, வெவ்வேறு உயரமுள்ள நீர்த்தம்பத்தால் அழுத்தத்தை மாற்றி அளந்து பார்த்தோம். அழுத்தம் இருமடங்கானால் வடியும் காலம் பாதியாதல் வேண்டும். கிளிசரின் கலந்த நீரில் அங்ஙனமே ஆயிற்று. மிஸெல் கரைசலிலோ காலம் பாதிக்கும் மிகக் கீழே இறங்கியது. இரு மாணவரும் மெய்யான எண்களையே கொணர்ந்திருந்தனர். ‘இக்கரைசலின் பாகுத்தன்மை என்ன?’ என்று கேட்ட எம் வினாவே குறையுடையது.

அணிவகுத்தல் மட்டுமே மிஸெல்லின் இயல்பாயின் அதற்கும் சாதாரணப் பாலிமர் இழைக்கும் வேற்றுமை இராது. பாலிமர் இழை இரசாயனப் பிணைப்பால் ஆனது; அறுந்தால் அறுந்ததுதான். மிஸெல்லோ தானே அறுந்து தானே கூடவல்லது. பின்னிக்கிடக்கும் பாலிமர் இழைகள் பாம்பு ஊர்வதைப்போல் தம் நீளத்தின் வழியே ஊர்ந்தே சிக்கலினின்று விடுபடுமெனப் பிரெஞ்சு அறிஞர் தெ ஜென் 1971 ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். மிஸெல்லுக்கு அவ்வளவு தொலைவு ஊரவேண்டுவதில்லை. சிறிது ஊர்ந்து, நடுவில் அறுந்து, புதிய முனையைக் கொண்டு வேறொன்றோடு கூடி எளிதில் விடுபடும். மைக்கேல் கேட்ஸ் என்பவர் 1987 ஆம் ஆண்டில் இதனைக் கணிதத்தால் நிறுவினார். மிஸெல் மிக விரைவில் அறுந்து கூடுவதாயின், கரைசல் தன் இறுக்கத்தை விடும் காலம், ஊரும் காலத்தையும் அறுபடும் காலத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தை ஒட்டியது என்பது அவர் கண்ட முடிவு. ஊர்வதற்கு 100 வினாடியும், அறுபடுவதற்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கும் ஆகுமெனக் கொண்டால், பெருக்கம் ஒன்று. அதன் மூலமும் ஒரு வினாடி. நூறு வினாடி வேண்டிய செயல் ஒரு வினாடியில் முடிகின்றது. இத்தகைய மிஸெல்களை உயிருள்ள பாலிமர் என வழங்குவர். உயிர் என்னும் சொல் ஈண்டு உவமையே. ஆயினும் பொருத்தமற்ற உவமை என்று யாம் சொல்லமாட்டோம்.

இவ்வியல்பினின்று ஓர் எதிர்பாராத விளைவு பிறக்கின்றது. இரண்டு உருளைகளின் இடைவெளியிற் கரைசலை இட்டு, ஓர் உருளையை மெல்ல மெல்ல விரைவாகச் சுழற்றுவோமாக. முதலில் விரைவு மிக மிக எதிர்க்கும் விசையும் மிகும். ஓரெல்லை கடந்தபின் விரைவை எத்தனை மடங்கு பெருக்கினும் விசை ஏறாமல் சமநிலமாய் நின்றுவிடும். ஏன்? கரைசல் ஒருதன்மைத்தாய் இல்லாமல் இரண்டு பட்டைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு பட்டையில் மிஸெல்கள் முன்போற் பின்னிக்கிடக்கின்றன. மற்றதனில் அவை அணிவகுத்து மிக விரைந்து சறுக்குகின்றன. சுழற்சியை மிகுதியாக்கினால், சறுக்கும் பட்டை அகலமாகின்றதேயன்றி விசை ஏறுவதில்லை. ஸ்பென்லி, கேட்ஸ், மக்லீஷ் என்போர் 1993 ஆம் ஆண்டில் இதற்குக் கோட்பாடு வகுத்தனர். நியூஸிலாந்தில் பால் கலகான் என்பவரும் உடனிருந்தோரும், அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு கரைசலின் உள்ளே ஒவ்வோரிடத்தும் உள்ள வேகத்தை அளந்து, இப்பட்டைகளை நேரிற் காட்டினர். ஒரே கலத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே கரைசல் இருவேறு பொருளாய் நடக்கின்றது. பிரித்து வைத்தது ஓட்டமே.

இதுவரை கூறியதனால் ஓட்டம் எப்பொழுதும் கரைசலை நெகிழ்த்தும் என்று மாணவர் முடிவுகட்டிவிடலாகாது. செறிவு குறைந்த சில கரைசல்களில் நேர்மாறானதே நிகழ்கின்றது. மிஸெல்கள் குறுங்கோல்களாய் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும் நிலையில் கரைசல் தண்ணீரைப் போலவே ஓடும். ஒரு குறித்த சறுக்கு வீதத்தைக் கடந்து சிறிது நேரம் ஓடவிட்டால், திடீரெனக் கூழ்போல் கெட்டியாகின்றது. ஓட்டத்தால் ஒரு திசை நோக்கிய கோல்கள் முனையோடு முனை கூடி, நின்ற நீரில் இல்லாத பெரிய அமைப்பொன்றை உண்டாக்குகின்றன. லியூ, பைன் என்னும் இருவர் 1996 ஆம் ஆண்டில் இக்கூழ் தோன்றுவதையும், பின் ஓட்டம் மிக, அது பிளவுபட்டு உடைவதையும் விவரித்தனர். ஓட்டத்தை நிறுத்தினால் கூழ் கரைந்து பழைய நீராகின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஜய் ஸூத் என்பவரும் அவர்தம் உடனாய்வாளரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வகையில் நாம் பெருமையோடு குறிக்கத்தக்கது. ஸெட்டில் ட்ரைமெதில் அம்மோனியம் டோஸிலேட் கரைசலை மாறாத வீதத்திற் சறுக்கச் செய்தும், எதிர்விசை ஒரு நிலையில் நில்லாது ஒழுங்கின்றி ஏறியிறங்குவதைக் கண்டு, அவ்வேற்றத்தாழ்வு வெறும் இரைச்சலன்று, கணிதத்திற்குட்பட்ட ஒழுங்கின்மை என நிறுவினர். அமைப்பு உண்டாதலும் உடைதலும் முடிவின்றிப் போரிடுகின்றன என்று கருதலாம்.

தட்டையான அடுக்குகளாய் அமைந்த கரைசலையும் ஓட்டம் விடுவதில்லை. 1993 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் தியா, ரூ, நல்லே என்போர், அவ்வடுக்குகள் சறுக்கோட்டத்தில் சுருண்டு, இதழுக்குள் இதழாய் வெங்காயம்போன்ற உருண்டைகளாவதைக் கண்டனர். ஓட்டம் விரைந்தால் வெங்காயம் சிறுக்கும்.

இவற்றால் உலகுக்கு ஆவதென் என்று கேட்பார் உளராதலின் ஒரு பயனை மட்டும் சொல்வாம். பெருங்குழாய்களில் நீர் விரைந்து ஓடும்பொழுது சுழிகள் தோன்றிக் கொந்தளிக்கின்றன. அக்கொந்தளிப்பிலே பம்பின் ஆற்றல் பெரும்பகுதி வீணாகின்றது. மிகச் சிறிதளவு பாலிமரைக் கரைத்தால் உராய்வு வெகுவாகக் குறையும் என்பதனை டாம்ஸ் என்பவர் 1948 ஆம் ஆண்டில் ஹாலந்தில் நடந்த மாநாட்டில் அறிவித்தார். ஆனால் பம்பின் சக்கரத்தில் அகப்படும் பாலிமர் இழைகள் துண்டுபட்டு, சில சுற்றுக்களிலேயே பயனற்றுப் போகின்றன. புழுமிஸெல்களும் சக்கரத்தில் அறுபடுகின்றன. ஆயின் அதனைக் கடந்தவுடன் மீண்டும் கூடிக்கொள்கின்றன. ஆதலின் ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றிவரும் குழாய்களுக்கு, குளிர்நாடுகளில் ஒரு நகரத்து வீடுகளுக்கெல்லாம் சுடுநீர் அனுப்பும் குழாய்களைப் போல்வனவற்றுக்கு, இவை மிகப் பொருந்தும். உராய்வு 70 முதல் 80 சதவிகிதம்வரை குறைதலும் உண்டு.

இதனைக் கேட்டவுடன் எங்கும் மிஸெல்லைக் கொட்டிவிடலாமென விரைதல் தகாது. கொந்தளிப்பு அடங்கினால் நீரினின்று சுவருக்கு வெப்பம் செல்லுதலும் குறைகின்றது. சுடுநீர்க் குழாய்க்கு இஃது ஒரு பெருங்குறையே. வெப்பம் ஓரளவுக்கு மேற்பட்டால் புழுக்கள் குறுகி, பயன் அறவே நீங்கும். அன்றியும், இவ்வேலைக்கு மிகுதியும் ஆராயப்பட்ட நேர்மின்சாரத் தலையுடைய உப்புக்கள் மீன் முதலிய நீர்வாழ் உயிர்கட்கு நஞ்சாவன. எளிதில் அழிந்தும் போகாதன. குழாய் வெடித்து அந்நீர் ஆற்றிற் கலந்தால் விளையும் கேட்டைப் பம்பில் மிச்சமாகும் காசு ஈடுசெய்யாது. எமது ஆய்வுக்கூடத்திலும் இக்கரைசலைத் தொட்டியிற் கொட்டாமல் தனிப் புட்டியிற் சேர்க்கின்றோம்.

அம்மாணவர் கல்லூரியை விட்டு நீங்குமுன் அவருடைய குறிப்பேட்டைத் திரும்பப் பெற்று, சிவப்புக் கோட்டின் அருகே எம் கையெழுத்திட்டு, பழைய மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தோம். அவ்வாண்டு முதல் எம் செய்முறை ஏட்டில், பாகுத்தன்மை எழுதும் கட்டத்திற்குப் பக்கத்தில் மேலும் இரண்டு கட்டங்கள் அச்சிடப்படுகின்றன: ஒன்று குழாய்த் துளையின் அகலத்திற்கு, மற்றொன்று கரைசல் இறங்கிய உயரத்திற்கு.